ஆறு நிமிடக் கூலியும் ஒரு நாள் பேரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷன் மாரியம்மன் கோயிலின் கணக்குக் கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. சாதாரண சீ.ஆர். கொப்பி. அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ஏதோ ஒரு பிள்ளை பேனாவால் போட்ட கிறுக்கல். உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக 2016இல் இதை என் கையில் திணித்தார்கள். தலவாக்கலை டவுனில் ஒரு சின்ன கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. வரவு செலவு தெரியாதவனா கடை வைப்பான் என்பது அவர்களுடைய எண்ணம். கடையின் வரவு செலவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பதிவு கோயிலைப் பற்றியது இல்லை, இங்கிலாந்து ராஜாவைப் பற்றியது. ஆனால் இரண்டையும் பிரித்து எழுத எனக்கு வரவில்லை. சார்ள்ஸ் மன்னர் தலையில் கிரீடம் ஏறிய அதே நேரத்தில் நான் கோயில் வாசலில் நின்று ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

2023 மே 6, சனிக்கிழமை. முந்திய நாள் வெசாக், பௌத்தர்களின் பெருநாள். டவுனில் விளக்குக் கூடுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நாளும் லீவு, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்றுதான் கணக்கு வாசிப்பை அன்றைக்கு வைத்தோம். திருவிழா முடிந்து எட்டாம் நாள். லண்டனில் காலை 11 மணிக்குத் தொடங்கியது நமக்குப் பிற்பகல் மூன்றரை. கோயிலுக்கு நேரே இருக்கிற லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், முதல் காம்பராவில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தே கிடந்ததால், கணக்குக் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் டிவிஷனில் 62 குடும்பம். அந்த வருஷம் தலைக்கட்டு வரி, வீட்டுக்கு வீடு கோயிலுக்குக் கட்டுவது, ஆயிரம் ரூபாய். 2021இலிருந்து அப்போது வரை நாள் சம்பளமும் ஆயிரம்தான், அதனால் கணக்குச் சுலபம்: வீட்டுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். மலையில் ஒரு நாள் முழுக்க நின்று, சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால்தான் அந்த ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப் பேர். கட்டியது 57 வீடு. டவுன் முதலாளிமாரும் கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகளும் கொடுத்தது 47,500. மொத்த வரவு 1,04,500. செலவு 98,200. மீதி 6,300 இருக்க வேண்டும். உண்டியல் பெட்டியைத் திறந்து எல்லார் முன்னாலும் எண்ணினால் 5,150.

1,150 ரூபாயைக் காணவில்லை.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த முன்னாள் கங்காணித் தாத்தா விடவில்லை. எண்பது வயது, காது கேட்காது, ஆனால் கணக்கு மட்டும் கேட்கும். "திருப்பி வாசி" என்றார். வாசித்தேன். கற்பூரம், நெய், பூ, ஐயருக்கு, மேளத்துக்கு, ஸ்பீக்கர் செட்டுக்கு. "நில்லு. வாழப்பழம் எத்தன சீப்பு போட்டிருக்க?" "பன்னிரண்டு தாத்தா." "நான் பாக்குறப்ப ஒம்பதுதான இருந்துச்சு?" மூன்று சீப்பு மேளக்காரர்களுக்குக் கொடுத்தது என்று இரண்டு பெண்கள் சாட்சி சொன்ன பிறகுதான் அடுத்த வரிக்குப் போக விட்டார். அந்தச் சமயத்தில்தான் டிவி இருந்த காம்பராவிலிருந்து ஒரு பையன் வெளியே ஓடி வந்து, "வச்சாச்சு! வச்சாச்சு!" என்று கத்தினான். மணி நாலரை தாண்டியிருந்தது. கங்காணித் தாத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரு என்னா வச்சா என்னா, இவன் ஆயிரத்து நூத்தம்பத எங்க வச்சான்?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் நான் தப்பினேன். காசை என் பையிலிருந்து வைத்தேன். மூன்று நாள் கழித்து வேட்டிச் சட்டை பையில் வேன்காரர் எழுதிக் கொடுத்த துண்டு கிடைத்தது: பூ ஏற்றி வந்த வாடகை, 1,150.

அன்றைக்கு இரவு சித்தி மகள் போன் எடுத்தாள். 2022 கடைசியில் இங்கிலாந்துக்குப் போனவள். இங்கே பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற வருஷம். ஒரு றாத்தல் பாண் இருநூறைத் தாண்டிப் போன வருஷம். சித்தியின் தாலிக்கொடி தவிர மற்ற எல்லாம் அடகுக் கடைக்குப் போய், அவள் பர்மிங்ஹாம் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பது. பன்னிரண்டு மணி நேர வேலை.

அன்று அவர்கள் இல்லத்தில் விழா. எல்லாத் தாத்தா பாட்டிமார் தலையிலும் காகிதக் கிரீடம், மேசைக்கு மேசை கொடி. அரண்மனையே வெளியிட்ட சமையல் குறிப்பில் உள்ள கீச் என்ற ஒரு பண்டம் செய்தார்களாம். முட்டை, சீஸ், கீரை, அவரை மாதிரி ஒரு பருப்பு. முட்டை விற்கிற விலையில் இதையா செய்யச் சொல்கிறார்கள் என்று சமையல்காரம்மா முணுமுணுத்துக்கொண்டே செய்தாராம். ஒரு பாட்டி காலையிலிருந்தே அழுகை. சந்தோஷ அழுகை. 1953இல் மகாராணிக்கு முடிசூட்டியபோது அந்தப் பாட்டி பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தாராம். இன்னொரு தாத்தா, பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தாராம். கிரீடத்தை எடுத்துக்கொண்டு போனவளிடம், "எனக்கு வேண்டாம் பிள்ளை, நீ போட்டுக்கொள், நீதான் வேலை செய்கிறாய்" என்றாராம். (டீ நம்ம ஊர்த் தேயிலையா என்று நானும் கேட்டேன். பெட்டியில் கென்யா என்று போட்டிருந்ததாம்.)

அழுத பாட்டி இவளிடம், நீ பிறந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறார். இவள் ஹோலிரூட் என்றிருக்கிறாள். தலவாக்கலை ஹோலிரூட் தோட்டம். பாட்டிக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. ஸ்கொட்லாந்தில் ராஜா போய்த் தங்குகிற அரண்மனைக்குப் பெயர் ஹோலிரூட். இவள் லயத்தில் பிறந்தவள் என்று விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டதாம். துரைமார் ஊர்ப்பாசத்தில் வைத்துவிட்டுப் போன பெயர்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் போனால் பெல்மோரல் இருக்கிறது, சென்ரிங்ஹாம் இருக்கிறது. அரச குடும்பம் ஓய்வுக்குப் போகிற வீடுகளின் பெயரில் நாம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பேரட்டுக் களத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். நுவரெலியா விக்டோரியா பார்க் 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்குப் பெயர் வைத்தது. அந்த ஊரில் ஒரு ராஜா விழா நடந்தால் இந்த மலையில் ஏதாவது ஒன்றுக்குப் பெயர் விழும்.

சரி, அவள் சொன்னதில் எனக்கு மறக்காதது கிரீடம் இல்லை, கரண்டு. அவள் நாலு பேரோடு பங்கு போட்டு இருக்கிற வீட்டில் கரண்டுக்கும் கேஸுக்கும் முன்கூட்டியே காசு கட்ட வேண்டும். மூலைக் கடைக்குப் போய் மீட்டருக்குரிய சாவியையோ கார்டையோ கொடுத்தால் பத்துப் பவுண், இருபது பவுண் என்று ஏற்றித் தருவார்கள். நான் டயலொக், மொபிடெல் போன்களுக்குப் போடுகிற மாதிரி அங்கே கரண்டுக்கே ரீலோட். மாசக் கடைசியில் வீடு இருண்டுபோகும். ஹீட்டர் போடாமல், கம்பளியைச் சுற்றிக்கொண்டு, நுவரெலியாக் குளிரைத் தாங்கியவளுக்கு இது என்ன என்று சொல்லிக்கொண்டு படுப்பாளாம். கூட வேலை செய்கிற வெள்ளைக்கார அக்கா ஒருத்தர், மூன்று பிள்ளைகளின் தாய், முழு நேரமும் வேலை செய்துகொண்டே கிழமைக்கு ஒரு தரம் சர்ச் மண்டபத்துக்குப் போய் இலவச உணவுப் பொதி எடுக்கிறாராம். "அண்ணே, இங்கேயும் வரிசை இருக்குண்ணே" என்றாள். அதை அவள் சொன்ன தொனியில் ஏமாற்றம் இருந்தது. தாலிக்கொடி தவிர எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போனது வரிசை இல்லாத ஊருக்கு என்று நினைத்துத்தானே.

அவள் ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஆனால் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அந்த நாட்டில் விலைவாசி ஏற்றம் 2022 ஒக்டோபரில் 11.1 வீதம். முடிசூட்டுக்கு முந்திய மார்ச்சில் சாப்பாட்டுச் சாமான் மட்டும் ஒரு வருஷத்தில் 19 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. உணவு வங்கிகள் நடத்துகிற ட்ரசல் ட்ரஸ்ட் அந்த மார்ச்சோடு முடிந்த ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட 30 லட்சம் பொதி கொடுத்திருந்தது. தாதிமார்கூட வேலைநிறுத்தம் செய்த பனிக்காலம் அது. அந்த நிலைமையில்தான் 1762இல் செய்த, நாலு தொன் எடையுள்ள தங்க ரதத்தை எட்டுக் குதிரை இழுத்துக்கொண்டு போயின. இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும் கிரீடம் தலையில் ஏறியது. நம் அப்போதைய ஜனாதிபதியும் போய் உட்கார்ந்திருந்தார்.

முடிசூட்டுக்கு முன் யூகோவ் நடத்திய கருத்துக் கணிப்பில் 51 வீதம் பேர், இந்தச் செலவை அரசாங்கம் ஏற்கக் கூடாது என்றார்கள். ஏற்கலாம் என்றவர்கள் 32 வீதம். அன்றைக்கே, "என் ராஜா இல்லை" என்று எழுதிய மஞ்சள் அட்டைகளோடு வந்த, முடியாட்சி வேண்டாம் என்கிற ரிபப்ளிக் அமைப்பின் தலைவர் கிரஹாம் ஸ்மித்தையும் அவரோடு வந்தவர்களையும், ஊர்வலம் தொடங்குவதற்கு முன்பே பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கான புதுச் சட்டத்துக்கு ராஜாவின் ஒப்புதல் கிடைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பிறகு பொலிஸ் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் விழா முடிந்த பிறகுதானே வரும்.

என் கடைக்கு வருகிற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் மறுபக்கம் பேசுவார். "அவங்க நாட்டு ராஜா, அவங்க காசு, நமக்கு என்னா வயித்தெரிச்சல்?" என்றார். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் கணக்கெழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு, எதைக் கண்டாலும் தலைக்கட்டால் வகுத்துப் பார்ப்பது. 2024 நவம்பரில் பிரித்தானிய அரசாங்கம் முடிசூட்டுச் செலவை வெளியிட்டது: பொலிஸ் பாதுகாப்பும் சேர்த்து 7 கோடி 20 லட்சம் பவுண். 2023இல் அங்கே சனத்தொகை ஏறத்தாழ 6 கோடி 80 லட்சம். ஆளுக்கு ஒரு பவுணும் சில சதமும். 2023 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷம் அங்கே ஆகக் குறைந்த கூலி மணிக்கு 10 பவுண் 42 பென்ஸ். வகுத்தால் வருவது ஆறு நிமிடம். ஒரு ஆள் ஆறு நிமிடம் வேலை செய்தால் ராஜாவுக்கு முடிசூட்டிவிடலாம்.

நாங்களோ அம்மனுக்கு ஒரு முழு நாள் பேரைக் கொடுக்கிறோம். வருஷா வருஷம். 2022இல்கூட, மாவு வாங்கக் காசில்லாமல் ரொட்டி பாதியான அந்த வருஷத்தில்கூட, ஒரே நாளாகச் சுருக்கி, ஸ்பீக்கர் செட் இல்லாமல் நடத்தினோம். அப்படியானால் எங்களுக்குத்தானே கோபம் வர வேண்டும்? அவர்களுக்கு ஏன் வருகிறது?

நான் வாத்தியாரிடம் கேட்டேன், அவரிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிற பதில் கொப்பியில் இருக்கிறது. தலைக்கட்டு வரி ஆயிரமா எண்ணூறா என்று மார்ச் மாதமே கூட்டம் போட்டு, இரண்டு மணி நேரம் சண்டை பிடித்து, கடைசியில் கையைத் தூக்கித்தான் முடிவு செய்தோம். செலவு எட்டாம் நாள் வாசிக்கப்பட்டது. மூன்று சீப்பு வாழைப்பழம் எங்கே போனது என்று எண்பது வயதுக் கிழவர் கேட்டார், அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு வீடு போக முடியவில்லை. அங்கே ஒரு பவுண் தரலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கணக்கு வந்தது பதினெட்டு மாதம் கழித்து, அரசாங்கமே மாறிய பிறகு. அதிலும், பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு லயத்தில் மொய் எழுதிய மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரண ஆள் செத்தால் பிள்ளைகள் சொத்துக்கு வரி கட்ட வேண்டிய நாட்டில், மகாராணியிடமிருந்து ராஜாவுக்குப் போன சொத்துக்கு அந்த வரி இல்லை.

இங்கேயும் பார்த்தோமே. அதே 2023 பெப்ரவரி 4, எழுபத்தைந்தாவது சுதந்திர தினம். காலி முகத்திடலில் விழா, செலவு 20 கோடி ரூபாய் என்றார்கள். கொண்டாடாவிட்டால் சுதந்திர தினத்தைக்கூடக் கொண்டாட முடியாதவர்கள் என்று உலகம் சொல்லும் என்பது சொல்லப்பட்ட நியாயம். அன்றைக்கு என் கடையில் ஒரு அம்மா மகளுக்குக் கொப்பி வாங்க வந்து, விலையைக் கேட்டுவிட்டு, 80 பக்கத்துக்குப் பதிலாக 40 பக்கத்தில் வாங்கிக்கொண்டு போனார். மகாராணி இறந்தபோதும் இங்கே துக்க தினம், 2022 செப்டம்பர் 19, அரசாங்க அலுவலகங்களுக்கு விடுமுறை. தோட்டத்தில் அன்றும் பேரட்டு நடந்தது, கொழுந்துக்குத் துக்கம் தெரியாது. எங்கள் லயத்தில் ஒரு அண்ணன் பிறப்புச் சான்றிதழ் எடுக்க ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் போய், மூடிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருக்கு அந்த ராணியின் சாவில் ஆயிரம் ரூபாய் நட்டம்.

என் அம்மாயி இருந்திருந்தால் இதற்கெல்லாம் ஒரு பணிஸ் (பன்) கதை சொல்லியிருப்பார். 1954 ஏப்ரலில் மகாராணி இலங்கைக்கு வந்தார். அம்மாயிக்கு அப்போது பத்து வயது, கம்பளைப் பக்கத் தோட்டத்தில் இருந்தார்கள். பிள்ளைகளை லொறியில் ஏற்றிப் பேராதனைப் பக்கம் கொண்டுபோய், கையில் காகிதக் கொடியும் ஒரு பணிஸும் கொடுத்து ரோட்டோரம் நிறுத்தினார்களாம். ராணியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "கார் ஒன்னு போச்சு, கையுறை ஒன்னு தெரிஞ்சிச்சு" என்பார். பணிஸைப் பற்றிக் கேட்டால் கால் மணி நேரம் பேசுவார். மேலே சீனி தூவியிருந்தது, சீனியை மட்டும் முதலில் நக்கித் தின்றது, பாதியைத் தம்பிக்குக் கொண்டுவந்தபோது லொறிக் குலுக்கலில் அது தூளாகிப் போயிருந்தது. ராணியைப் பற்றிப் பேசும்போது அம்மாயியிடம் கோபமே இருந்ததில்லை. அந்தத் தூளைப் பற்றிச் சொல்லும்போது எழுபது வயதிலும் முகம் வாடும்.

பிறகு படித்தபோதுதான் அந்தப் பணிஸுக்குப் பின்னால் இருந்தது எனக்குத் தெரிந்தது. 1953 ஜூனில் லண்டனில் முடிசூட்டு, நம் பிரதமர் டட்லி சேனநாயக்க போயிருந்தார். அவர் திரும்பி வந்த கொஞ்ச நாளில், ஜூலையில், 25 சதம் விற்ற ஒரு கொத்துக் கூப்பன் அரிசி 70 சதமானது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. ஓகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க் கப்பல் ஒன்றில் ஏறிக் கூட்டம் போட்டது. ஒக்டோபரில் டட்லி பதவியை விட்டார். ஆறு மாதம் கழித்து ராணி வந்து, முடிசூட்டின்போது போட்ட அதே உடையில் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்தார். அந்த நாடாளுமன்றத்துக்கு எங்கள் மலையக ஆட்களின் கட்சியிலிருந்து தேர்தலில் வென்று ஒருத்தர்கூடப் போகவில்லை. 1947 தேர்தலில் ஏழு பேர் போயிருந்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு, 1952 தேர்தலில் எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு வாக்கே இல்லை. அவர் இலங்கைக்கும் ராணி. அம்மாயி இலங்கைக்கும் பிரஜை இல்லை, இந்தியாவுக்கும் பிரஜை இல்லை. கொடி மட்டும் கையில் இருந்தது.

இதற்கும் முன்னால் போனால் தாது வருஷம். எங்கள் ஆட்கள் முசிறிப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குக் கிளம்பியது அந்தப் பஞ்சத்தில்தான் என்று வீட்டில் சொல்வார்கள். 1876இலிருந்து 78 வரை சென்னை மாகாணம் முழுக்கச் செத்து விழுந்தது. நிவாரண வேலைக்குப் போனவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு றாத்தல் தானியமும் சில்லறைக் காசும் என்று 1877 தொடக்கத்தில் குறைத்துக் கட்டினார்கள். அதே 1877 ஜனவரி முதலாம் தேதி டில்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு பெரிய தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார். மகாராஜாக்களுக்கு யானை, கொடி, விருந்து. எங்கள் பாட்டன் பூட்டனுக்கு அந்த விருந்து நடந்ததே தெரிந்திருக்காது. அவர்கள் மன்னார்க் காட்டு வழியாக நடந்துகொண்டிருந்திருப்பார்கள், அல்லது நடக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

2013 நவம்பரில் சார்ள்ஸ், அப்போது இளவரசர், பொதுநலவாய மாநாட்டுக்கு வந்தபோது லபுக்கலைத் தோட்டத்துக்கும் வந்தார். கொழுந்து எடுக்கிற அக்காமாரோடு சிரித்தபடி நிற்கிற படங்கள் பேப்பரில் வந்தன. நல்ல மனுஷன் மாதிரித்தான் தெரிந்தது. அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்றும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் இதைப் படிப்பார்.

முடிசூட்டில் எனக்கு உறுத்திய இடம் ஒன்று இருக்கிறது, அது செலவு இல்லை. சடங்கின் நடுவில், வீட்டில் டிவி பார்க்கிற சனங்கள் எல்லாரும் வாய்விட்டு ராஜாவுக்கு விசுவாசம் சொல்லும்படி ஒரு இடம் வைத்திருந்தார்கள். அறிவித்தவுடனே எதிர்ப்பு கிளம்பியதால், விரும்பினால் சொல்லலாம் என்று மாற்றினார்கள். காசைத் தெரியாமல் எடுத்துக்கொண்டால் மனிதன் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவான். எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து சொல்லு என்றால்தான் சுருக்கென்று இருக்கும்.

இதை நான் ராஜாவிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. அன்றைக்கு வரவு செலவு முடிந்து, 1,150 பஞ்சாயத்தும் முடிந்து, நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பாக்கி ஐந்து வீடு. பாக்கிப் பேரை வாசிப்பது எங்கள் வழக்கம். யாரும் யோசித்து வைத்ததில்லை, எனக்கு முன்னால் எழுதியவர் வாசித்தார், நானும் வாசித்தேன். நாலு வீட்டார் கூட்டத்துக்கே வரவில்லை. ஐந்தாவது வீட்டு அக்கா வந்திருந்தார். லயத்துக்கோடிக் காம்பரா. புருஷன் இறந்து இரண்டு வருஷம். முதுகு வலியோடு மலைக்குப் போய் வாரத்தில் பாதி நாள் அரைப் பேர்தான் விழும். இரண்டு பிள்ளைகள். திருவிழாவுக்குத் தண்ணீர் சுமந்தது, பாத்திரம் கழுவியது, கோலம் போட்டது எல்லாம் அவர்தான். பேரை வாசித்தபோது அவர் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கங்காணித் தாத்தாகூட. டிவியில் பாட்டும் எக்காளமுமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பாதைக்கு இறங்கி, லயத்தைச் சுற்றிப் போகாமல் தேயிலைக்குள் புகுந்து போனார்.

அதற்குப் பிறகு கோயில் பக்கம் அவர் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் பாக்கி வாசிப்பதை நிறுத்துவோம் என்று சொன்னேன். அப்படியானால் யாரும் கட்ட மாட்டார்கள் என்றார்கள், அதுவும் பொய்யில்லை. இரண்டு மணி நேரச் சண்டைக்குப் பிறகு, பாக்கி வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்வது, பேரைச் சொல்வதில்லை என்று முடிவானது. அவருடைய ஆயிரத்தை நானே கட்டிவிடலாமா என்று யோசித்து, அது தெரிந்தால் இன்னும் மோசமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

2024 செப்டம்பரில் சம்பளம் 1,350 ஆனது. அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கு வந்தார். மகனுக்குப் போட்டோ எடுக்க என்று நினைத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நூறு ரூபாய்த் தாள்களாகப் பத்தை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"போன வருசத்துப் பாக்கி தம்பி."

"சரிக்கா, நான் கொப்பியில அடிச்சிர்றேன்."

"அடிக்கிறது அப்புறம் இருக்கட்டும். பில் ஒன்னு எழுதிக் குடு."

எழுதினேன். பேர், தொகை, தேதி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"எந்த வருசத்துக்குன்னு போடல."